உரமும் களைக்கொல்லியும்: சேலம் புல்தரைக்கு ஒன்று, ஏற்காட்டுக்கு வேறு

விடுமுறை நாள் ஒன்றிலேயே உரமும் போட்டு, களைக்கொல்லியும் அடித்து முடித்துவிடப் பார்ப்பதால்தான் வீட்டுப் புல்தரைகள் பெரும்பாலும் கெடுகின்றன. உரம் போட்ட கையோடு தண்ணீர் விட வேண்டும். களைக்கொல்லி பட்ட இலையோ நாலைந்து மணி நேரம் நனையக் கூடாது. முதலில் உரம், பத்து நாள் கழித்துக் களைக்கொல்லி. தளதளவென்று வளரும் களைதான் மருந்தை நன்றாக உறிஞ்சும்.

யூரியாவா, அம்மோனியம் சல்பேட்டா? யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம், மற்றதில் 20.5. நூறு சதுர அடிக்கு யூரியா 100 கிராம் போடும் இடத்தில் அம்மோனியம் சல்பேட் 220 கிராம் வேண்டும். யூரியா மலிவு. ஆனால் சேலத்தில் மேக்னசைட் என்னும் தாதுவைத் தோண்டும் கரட்டை ஒட்டிய பகுதிகள்போலக் காரம் மிகுந்த மண்ணில், மேலே கிடக்கும் யூரியா வெயிலில் அம்மோனியாவாகப் பறந்துவிடும். அங்கே அம்மோனியம் சல்பேட்டே மேல். காரத்தை மெல்லக் குறைக்கும், கந்தகமும் தரும். ஏற்காட்டில் இதே உரம் தவறு. காபி விளையும் அந்தப் புளிப்பு (அமில) மண்ணை அது இன்னும் புளிப்பாக்கும், அங்கே யூரியா போதும். எதுவானாலும் அளவை இரண்டாகப் பிரித்து, பாதியை நீளவாக்கிலும் மீதியைக் குறுக்கிலும் தூவுங்கள். பனி ஈரத்தோடு இருக்கும் புல்லில் தூவினால் உரம் இலையில் ஒட்டிப் பழுப்புத் திட்டு விழும்.

தொழு உரம் நல்லதுதான், ஆனால் அரைகுறையாக மக்கியிருந்தால் களை விதையையும் சேர்த்தே கொண்டுவரும். அதைவிடச் சலித்த மண்புழு உரம் மேல், நூறு சதுர அடிக்கு ஐந்து கிலோ.

களையில் முதல் கேள்வி, அது கோரையா இல்லையா என்பதுதான். அம்மான் பச்சரிசி, கீழாநெல்லி போன்றவற்றுக்கு மருந்தே வேண்டாம், மழை பெய்த மறுநாள் கையால் பிடுங்கினால் வேரோடு வந்துவிடும். கோரையைப் பிடுங்கினாலோ கிழங்குச் சங்கிலி அறுந்து, உறங்கிக் கிடந்த கிழங்குகள் முளைத்துப் பெருகும். அகன்ற இலைக் களைக்கான 2,4-டி என்ற மருந்து அதன் கிழங்கை அழிக்காது. கிளைபோசேட் என்ற களைக்கொல்லி புல்லையும் சேர்த்துக் கொல்லும். கோரைக்கு ஏற்றது ஹாலோசல்ஃப்யூரான் மெத்தில் 75 சதவீதக் குருணைதான். கரும்பு வயலில் இதை அடிக்கும் அளவு ஏக்கருக்கு 36 கிராம். அந்தக் கணக்கில் ஆயிரம் சதுர அடிக்கு ஒரு கிராம்கூட வராது. சமையலறைத் தராசு இதைச் சரியாகக் காட்டாது, நகைத் தராசு தேவை. கோரை மஞ்சளாக இரண்டு வாரம் ஆகும். பொறுமையிழந்து மறுபடி அடிக்காதீர்கள். ஆறு வாரம் கழித்துத் துளிர்ப்பதற்கு மட்டும் இன்னொரு முறை அடித்தால் போதும். அடிப்பதற்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் புல் வெட்டக் கூடாது.

பரவலான அகன்ற இலைக் களைக்கு 2,4-டி வேண்டுமென்றால் அதன் இரு வகைகளில் அமைன் உப்பாகப் பார்த்து வாங்குங்கள். எஸ்டர் வகை வெயிலில் ஆவியாகி, பக்கத்து வீட்டுப் பப்பாளியையும் தக்காளியையும் சுருட்டிவிடும். மார்ச் முதல் மே வரை சேலத்தில் எஸ்டர் வகையைத் தொடவே கூடாது. போர்த் தண்ணீரின் கடினத்தன்மை அமைன் மருந்தின் வீரியத்தைக் குறைக்கும், ஆகவே மேட்டூர் குடிநீரில் கலக்குங்கள். களைக்கொல்லி அடித்த தெளிப்பானைப் பூச்செடிக்கு எடுக்காதீர்கள், எத்தனை முறை கழுவினாலும் குழாயில் கொஞ்சம் மிஞ்சும். அதற்கென்று தனித் தெளிப்பான் வாங்கி, மேலே சிவப்புப் பெயின்ட்டில் அடையாளம் போட்டு வையுங்கள்.