காஸ்கோ சினேரா நெக்ஸ்ட்: விமானப் பயணத்தில் ஒரு கார் சீட்

எங்கள் மகளுக்கு ஒன்பது மாதம் ஆனபோது, டாலஸிலிருந்து சிகாகோவுக்குச் சென்ற விமானத்தில் அவளை மடியில் வைத்துக்கொண்டுதான் போனோம். அமெரிக்காவின் உள்நாட்டு விமானங்களில் இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தனி டிக்கெட் கட்டாயமில்லை என்பதால் வேறெதையும் யோசிக்கவில்லை. தரையிறங்க அரை மணி நேரம் இருக்கையில், விமானம் பள்ளத்தில் விழுந்ததுபோல் ஒரு கணம் சட்டென்று கீழிறங்கியது. தூங்கிக்கொண்டிருந்த குழந்தை என் மடியிலிருந்து ஒரு சாண் உயரம் எழும்பி மீண்டும் மடியிலேயே வந்து விழுந்தாள். அடி எதுவும் படவில்லை. ஆனால் அப்போது அவளை இரண்டு கைகளாலும் அணைத்துப் பிடித்திருந்தேன் என்பதை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. வீடு திரும்பிய வாரமே, காரில் குழந்தையை வார்களால் கட்டி உட்காரவைக்கும் தனி இருக்கையான கார் சீட் ஒன்றை, காஸ்கோ நிறுவனத்தின் சினேரா நெக்ஸ்ட்டை, வாங்கினோம். மூன்று ஆண்டுகளாக, சென்னைப் பயணம் ஒன்று உட்பட, பல பயணங்களில் அதை விமானத்துக்குள் கொண்டுசென்று பயன்படுத்திய பிறகு இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

இந்த இருக்கையைத் தேர்ந்தெடுத்ததற்கு முதல் காரணம் எடை. ஐந்து கிலோவுக்கும் குறைவு. வீட்டுக் காரில் நிரந்தரமாகப் பொருத்தியிருக்கும் பெரிய இருக்கை இதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் கனக்கும் என்பதால், அதைத் தூக்கிக்கொண்டு விமானத்தின் குறுகிய நடைபாதையில் செல்வது எங்களால் ஆகாத காரியம். இரண்டாவது காரணம் விலை: நாங்கள் வாங்கியபோது ஏறக்குறைய 50 டாலர். மூன்றாவதும் மிக முக்கியமானதுமான காரணம், இருக்கையின் மீது ஒட்டப்பட்டிருக்கும் சான்றுத்தாள். மோட்டார் வாகனங்களிலும் விமானங்களிலும் பயன்படுத்தச் சான்றளிக்கப்பட்டது என்ற வாசகம் அதில் சிவப்பு எழுத்தில் இருக்கும். கார் சீட்டுகளுக்கான அமெரிக்கத் தரவிதி எண் 213-இன்படி, விமானத்துக்கும் உரியது என்று அறிவிக்கப்படும் இருக்கை வழக்கமான மோதல் சோதனையோடு தலைகீழாகக் கவிழ்க்கும் சோதனையிலும் தேற வேண்டும். விமான இருக்கையில் உள்ள இடுப்பு பெல்ட்டால் மட்டும் கட்டப்பட்ட நிலையில் அதைப் புரட்டிப்போட்டாலும் உள்ளே இருக்கும் குழந்தை அளவிலான பொம்மை வெளியே விழக்கூடாது. சிகாகோ விமானத்தில் எங்களுக்கு நேர்ந்ததை நினைத்துப் பார்க்கும்போது, இந்தச் சோதனையே எனக்கு மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தோன்றுகிறது.

மடியில் வைத்துக்கொள்வதில் என்ன தவறு என்று என் உறவினர்கள் பலர் கேட்டிருக்கிறார்கள். இன்றைய பயணிகள் விமானங்களின் இருக்கைகள் புவியீர்ப்பைப்போல் 16 மடங்கு விசையைத் தாங்கும்படி சோதிக்கப்படுகின்றன. அந்த அளவு விசையில் 10 கிலோ எடையுள்ள குழந்தை 160 கிலோ பாரமாகிவிடும் என்பதால், அதைப் பிடித்து நிறுத்தும் வலிமை எந்தத் தாயின் கைகளுக்கும் எந்தத் தகப்பனின் கைகளுக்கும் இல்லை. 1989 ஜூலை 19 அன்று டென்வரிலிருந்து சிகாகோ சென்ற யுனைடெட் 232 விமானம், வால்பகுதி எஞ்சின் வெடித்து, விமானத்தைத் திருப்பும் ஹைட்ராலிக் அமைப்புகள் அனைத்தையும் இழந்து, அயோவா மாநிலத்தின் சூ சிட்டியில் விழுந்தது. அதில் மடிக்குழந்தைகள் நான்கு பேர் இருந்தார்கள். அன்றைய நடைமுறைப்படி, குழந்தைகளைத் துணிகளால் சுற்றித் தரையில் கிடத்திப் பிடித்துக்கொள்ளும்படி தலைமைப் பணிப்பெண் ஜேன் பிரவுன் பெற்றோரிடம் சொன்னார். ஒரு குழந்தை இறந்தது. உயிர்பிழைத்த ஜேன் பிரவுன், மடிக்குழந்தை என்னும் ஏற்பாட்டையே ஒழிக்க வேண்டும் என்று அதன்பின் பல ஆண்டுகள் போராடினார். விபத்துகளை விசாரிக்கும் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமும் அதையே பரிந்துரைத்தது. ஆனால் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் எஃப்.ஏ.ஏ., குழந்தைக்கும் டிக்கெட் வாங்க நேர்ந்தால் பல குடும்பங்கள் விமானத்தை விட்டுவிட்டுக் காரில் செல்லத் தொடங்கும், சாலை விபத்துகளில் அதைவிடக் கூடுதலான உயிர்கள் போகும் என்று கூறி, இன்றளவும் அதைக் கட்டாயமாக்கவில்லை. குழந்தையைத் தனி இருக்கையில் அமர்த்துங்கள் என்று வலியுறுத்துவதோடு நின்றுகொண்டது. ஒரு நாடு முழுவதற்கும் சட்டம் இயற்றுபவருக்கு அந்தக் கணக்கு தேவையாக இருக்கலாம். ஆனால் விமானத்தில்தான் போவது என்று முடிவுசெய்துவிட்ட ஒரு குடும்பத்துக்கு அந்த வாதம் பொருந்தாது என்பதே என் உறுதியான கருத்து.

இனி இருக்கையைப் பற்றி. குழந்தை பின்பக்கம் பார்க்கும்படி பின்னோக்கிப் பொருத்தினால் 5 பவுண்டு முதல் 40 பவுண்டு வரையும், முன்னோக்கிப் பொருத்தினால் 22 பவுண்டு முதல் 40 பவுண்டு வரையும், அதாவது 10 கிலோ முதல் 18 கிலோ வரையும், இதில் குழந்தையை உட்காரவைக்கலாம். கார் சீட்டை மாட்டுவதற்காகக் கார்களில் உள்ள கீழ்க்கொக்கிகள் விமானத்தில் கிடையாது. பயணியின் இடுப்பு பெல்ட்டைக் கார் சீட்டின் உரிய வழியில் நுழைத்து இறுக்குவதுதான் முறை. பின்னோக்கிய நிலையில் பெல்ட் குழந்தையின் கால்களுக்குக் கீழே செல்லும். உறையைத் தூக்கிவிட்டால் வழி தெளிவாகத் தெரிவதால் முதல் முறையே ஐந்து நிமிடத்துக்குள் பொருத்திவிட்டோம். கை வைக்கும் பிடியை மேலே தூக்கிவிட்டு, ஒரு முழங்காலை இருக்கையில் ஊன்றி அழுத்திக்கொண்டே பெல்ட்டின் நுனியை இழுத்தால் அசையாமல் நிற்கும்.

முன்னோக்கிய நிலையில் வேலை கொஞ்சம் கடினம். பெல்ட் குழந்தையின் முதுகுக்குப் பின்னால் செல்வதால், விமான பெல்ட்டின் உலோகப் பக்கிள் சரியாக நடுமுதுகில் வந்து நிற்கிறது. இந்த இருக்கையின் பஞ்சு உறை மெல்லியது என்பதால் அது உறுத்தும். ஒரு சிறிய துண்டை மடித்து உறைக்கு அடியில் வைத்தால் போதும் என்று நினைத்தேன். ஆனால் தயாரிப்பாளர் தராத எதையும் குழந்தைக்கும் இருக்கைக்கும் நடுவில் வைக்கக்கூடாது என்று கையேடு சொல்வதால் அதைச் செய்யவில்லை. பணிப்பெண்ணிடம் பெல்ட் நீட்டிப்பு ஒன்றைக் கேட்டு வாங்கி மாட்டியபோது பக்கிள் பக்கவாட்டுக்கு நகர்ந்துவிட்டது. இறங்கும்போது கழற்றுவதற்கும் அதுவே எளிதாக இருந்தது. பக்கிளின் மூடியைத் திறப்பதற்கு வாகாக முன்கூட்டியே திருப்பி வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே சிக்கிக்கொண்ட பக்கிளைத் திறக்க முடியாமல், பின்வரிசைப் பயணிகளையெல்லாம் நிறுத்திவைத்துக்கொண்டு நாங்கள் ஒருமுறை பத்து நிமிடம் போராடினோம்.

குழந்தை வளர வளர வேறு இரண்டு குறைகள் தெரிந்தன. தோள்வார்களின் உயரத்தை மாற்ற வேண்டுமானால், முதுகுப்புறத்திலிருந்து அவற்றை உருவி அடுத்த துளையில் கோத்தெடுக்க வேண்டும். அதைப் பயணத்துக்கு முந்தைய நாளே வீட்டில் செய்துவிடுவது அவசியம். முன்னோக்கி உட்காரும் குழந்தையின் கால்கள் முன்னிருக்கையின் முதுகை எட்டிவிடுவதால், இரண்டரை வயது மகள் முன்னால் இருந்தவரை உதைக்காமல் பார்த்துக்கொள்வதே அந்தப் பயணம் முழுவதும் எங்கள் வேலையாக இருந்தது. உணவுத் தட்டும் முழுதாக இறங்காது. பின்னோக்கிய நிலையில் இந்தச் சிக்கல்கள் இல்லை. ஆனால் முன்னிருக்கைக்காரர் தம் இருக்கையைச் சாய்க்க முடியாது. அதனால் முன்வரிசையில் குடும்பத்தில் ஒருவருக்கே இடம் பதிவுசெய்வதைப் பழக்கமாக்கிக்கொண்டோம்.

எந்த இருக்கையில் பொருத்துவது என்பதற்கும் விதி உண்டு. ஆபத்து நேரத்தில் மற்றவர் வெளியேறும் வழியைக் கார் சீட் மறைக்கக்கூடாது என்பதால் ஜன்னலோரம்தான் அதற்கு ஏற்றது. அகன்ற விமானங்களில் நடுத்தொகுதியின் நடு இருக்கையும் ஆகும். அவசர வழி உள்ள வரிசையிலும், அதற்கு முன்னும் பின்னும் உள்ள வரிசைகளிலும் பொருத்தக்கூடாது. காற்றுப்பை உள்ள பெல்ட் சில உயர்வகுப்பு இருக்கைகளில் இருக்கும், அங்கும் கூடாது. 16 அங்குலத்துக்கு மிகாத அகலம் பெரும்பாலான விமான இருக்கைகளுக்குப் பொருந்தும் என்று எஃப்.ஏ.ஏ. கூறுகிறது. வேறு கார் சீட்டை வாங்க நினைப்பவர்கள் கடையிலேயே அளந்து பார்த்துவிடலாம். முதுகுச்சாய்வு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பூஸ்டர் என்னும் உயர்த்தும் இருக்கைகள் விமானம் கிளம்பும்போதும் இறங்கும்போதும் பயன்படா. அவற்றுக்குத் தோள் பெல்ட் வேண்டும், விமானத்தில் இருப்பதோ இடுப்பு பெல்ட் மட்டும்.

ஒரு விமான நிலையத்தில், ஏறும் வாயிலில் நின்ற ஊழியர் கார் சீட்டை உள்ளே கொண்டுசெல்ல அனுமதி இல்லை, சரக்கில் போட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். குழந்தைக்கு டிக்கெட் வாங்கியிருந்து, இருக்கையில் சான்றும் இருந்தால், அமெரிக்க விமான நிறுவனங்கள் அதை மறுக்க முடியாது என்பது அந்நாட்டு விதி. ஓர் இருக்கையில் பொருந்தாவிட்டால் அதே வகுப்பில் பொருந்தும் வேறு இருக்கையைத் தர வேண்டும். நான் சிவப்பு எழுத்துச் சான்றுத்தாளைக் காட்டினேன், அவர் தம் மேலாளரை அழைத்தார், மேலாளர் எங்களை உள்ளே அனுப்பினார். அன்று முதல் அந்த விதியின் அச்சுப்பிரதி ஒன்றைக் கைப்பையிலேயே வைத்திருக்கிறேன். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குப் பதிவுசெய்யும்போது, தனி இருக்கையுடன் கூடிய கைக்குழந்தை என்ற பிரிவைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா என்பதை இருமுறை சரிபாருங்கள்.

சென்னைப் பயணத்தின்போது மகளுக்கு இருபது மாதம். பன்னாட்டுப் பயணங்களில் மடிக்குழந்தைக்குப் பெரும்பாலும் பெரியவர் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்குதான் என்பதால், அவளுக்குத் தனி இருக்கை வாங்கியது எங்களுக்குச் சிறு செலவு அல்ல. இருந்தும் நான் வருந்தவில்லை. காரில் தூங்கிப் பழகிய அதே வடிவ இருக்கையில் அவள் முதல் விமானத்தில் ஏழு மணி நேரம் தூங்கினாள். நாங்கள் இருவரும் இரு கைகளாலும் சாப்பிட்டோம். இடையில் மாறிய விமானத்தில், பெரியவரின் பெல்ட்டோடு கோத்து குழந்தையின் வயிற்றைச் சுற்றிக் கட்டும் வளைய பெல்ட் ஒன்றை மற்ற பெற்றோருக்குக் கொடுத்தார்கள். ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் அது வழக்கம். மோதலின்போது பெரியவரின் உடல் முன்னால் மடிந்து குழந்தையை நசுக்கிவிடும் என்பதால் அமெரிக்க விமானங்களில் அதற்கு இடமில்லை. வெளிநாட்டு நிறுவனங்களுக்கு அவரவர் விதி உண்டு. ஆகவே கார் சீட்டின் பெயரையும் அளவையும் எழுதி அனுப்பி, எழுத்திலேயே அனுமதி பெற்ற பிறகே டிக்கெட் வாங்கினோம்.

சென்னையில் இறங்கியதும் அதே இருக்கை வாடகைக் காரிலும் பயன்படும் என்பது பெரிய ஆதாயம். ஆனால் இரண்டு இடையூறுகளுக்கு ஆயத்தமாக இருங்கள். பின்னிருக்கை பெல்ட்டும் பக்கிளும் பல வண்டிகளில் சீட் கவருக்குள் புதைந்திருக்கும். ஓட்டுநர் அண்ணனிடம் பணிவாகக் கேட்டு, கவரை விலக்கி, அவற்றை வெளியே எடுக்க வேண்டியிருந்தது. அமெரிக்கக் கார்களின் பெல்ட்டை முழுதாக இழுத்து விட்டால் அது பூட்டிக்கொள்ளும். நம் ஊர்க் கார்களின் பெல்ட் பெரும்பாலும் திடீர் இழுப்பில் மட்டுமே பூட்டும். ஆகவே லாக்கிங் கிளிப் என்னும் சிறு உலோகத் துண்டு இல்லாமல் இருக்கை ஆடிக்கொண்டே இருக்கும். 2019-ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-பி பிரிவு, பதினான்கு வயதுக்குக் குறைந்த குழந்தையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் காரில் ஏற்றிச் செல்வோருக்கு 1000 ரூபாய் அபராதம் விதிக்கிறது என்பதை, சொந்தக்காரர்களின் கார்களில் இடம் கேட்டபோது பலமுறை சொல்ல நேர்ந்தது.

மகளுக்கு மூன்றரை வயதானபோது, ஆம்சேஃப் நிறுவனத்தின் கேர்ஸ் என்னும் வார்ப்பட்டையையும் வாங்கிப் பார்த்தோம். எஃப்.ஏ.ஏ. 2006-இல் ஒப்புதல் அளித்த இது ஏறக்குறைய அரை கிலோ எடையில் கைப்பைக்குள் அடங்கிவிடும். 10 முதல் 20 கிலோ எடையும், அதிகபட்சம் 100 செ.மீ. உயரமும் உள்ள குழந்தைக்கு உரியது. ஒரு பட்டையை இருக்கையின் முதுகைச் சுற்றிக் கட்டி, இரு தோள்வார்களின் நுனிகளை விமானத்தின் இடுப்பு பெல்ட்டில் கோத்துவிட்டால் இரண்டே நிமிடத்தில் வேலை முடிந்துவிடுகிறது. ஆனால் கால்களுக்கு நடுவில் வரும் வார் இதில் இல்லாததால், தூங்கும் குழந்தை மெல்லக் கீழே சரிகிறாள். அவளைத் தூக்கித் தூக்கி உட்காரவைக்க வேண்டியிருந்தது. காரில் இதைப் பயன்படுத்தவே கூடாது. போய்ச் சேரும் ஊரில் கார் சீட் காத்திருக்கிறது என்றால், மூன்று வயதைத் தாண்டிய, நிமிர்ந்து உட்காரத் தெரிந்த குழந்தைக்கு இதை மனமாரப் பரிந்துரைப்பேன். அதைவிடச் சிறிய குழந்தைக்கு சினேராவே மேல்.

சினேராவை வாங்குபவர்களுக்கு இன்னும் ஒன்று. அதைச் சரக்கில் போடாதீர்கள். அமெரிக்க நிறுவனங்கள் இலவசமாக ஏற்றுக்கொள்ளும் என்பது உண்மைதான்; ஆனால் பெட்டிகளுக்கு நடுவில் எறியப்பட்ட இருக்கையின் பிளாஸ்டிக்கில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்திருந்தால் நமக்குத் தெரிய வழியில்லை. நாங்கள் அதைச் சக்கரப்பெட்டியின் மேல் ஒரு நாடாவால் கட்டி, வாயில்வரை இழுத்துக்கொண்டே போகிறோம்.

எங்கள் இருக்கையில் பொறித்திருக்கும் காலாவதித் தேதிக்கு இன்னும் சில ஆண்டுகள் உள்ளன. உறையைத் துவைத்து, தோள்வார்களை மறுபடியும் கீழ்த்துளைகளுக்கு மாற்றி, ஏழு மாத மகனுக்காக வைத்திருக்கிறோம். அடுத்த மாதம் சிகாகோவுக்கே போகிறோம், அவனுக்கு ஜன்னலோர இருக்கை பதிவாகியிருக்கிறது.