பண்ணைச் செடி என்று விற்கப்பட்ட ஆற்றுச் செடி: மீன்தொட்டி வைத்திருப்போருக்கு ஓர் எச்சரிக்கை

பூசெஃபலாண்ட்ரா, கிரிப்டோகொரைன் போன்ற நீர்ச்செடிகளைச் சிங்கப்பூரில் இணையச் சந்தை வழியாகத் தனிநபர்களிடம் வாங்குவோர், இதைப் படித்த பிறகு பணம் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். "பண்ணையில் நீருக்குள்ளேயே வளர்ந்தவை, பூச்சி கிடையாது, அலசிவிட்டு நேராகத் தொட்டியில் வைக்கலாம்" என்று எழுத்தில் உறுதி கூறிய ஒருவரிடம் 180 சிங்கப்பூர் வெள்ளிக்கு (டாலர்) நான் வாங்கிய பூசெஃபலாண்ட்ராக்கள், ஓடைப் பாறையிலிருந்து பிய்த்தெடுத்து வந்தவை என்பதில் எனக்கு இப்போது ஐயமே இல்லை.

பேநவ் என்னும் கைப்பேசிப் பணமாற்றுச் சேவை மூலம் முழுப் பணத்தையும் முன்கூட்டியே பெற்றுக்கொண்ட அவர், எம்ஆர்டி ரயில் நிலையத்தின் நுழைவாயிலில் பையைக் கையில் கொடுத்துவிட்டு நிற்காமல் போய்விட்டார். வீட்டில் பிரித்தபோது வேர்களின் பிடியில் பாறைச் சில்லுகள் அப்படியே இருந்தன. இலைகள் தோல்போலத் தடித்து, பூச்சி அரித்த ஓட்டைகளோடு, மேலே காய்ந்த பாசிப் படலத்தோடு காணப்பட்டன. இந்தச் செடி மிக மெதுவாக வளரக்கூடியது. திசு வளர்ப்பில், அதாவது ஆய்வகத்தில் செடியின் சிறு துணுக்கிலிருந்து வளர்த்து, வருபவை சிறு குவளையில், ஜெல்லின் மேல், ஒரே அளவிலான மெல்லிய கன்றுகளாகக் கறையின்றி இருக்கும். விரல் நீளத்துக்கு முதிர்ந்து, உதிர்ந்த இலைகளின் தழும்பு வரிசையாகத் தெரியும் வேர்த்தண்டு (வேரும் இலையும் விடும் கிடைத்தண்டு) அப்படிப்பட்ட குவளையிலிருந்து வந்திருக்க முடியாது. விளம்பரத்தில் இருந்த படமோ யாருடைய தொட்டியோ தெரியவில்லை.

புதிய செடி எதுவானாலும் தனி வாளியில் ஒதுக்கி வைப்பது என் வழக்கம் என்பதால் பெரிய தொட்டி தப்பியது. அந்த வாளியில் முதலில் அட்டைகள் வெளிப்பட்டன, பின்பு தட்டைப்புழுக்கள், அதன்பின் ஒரு தும்பியின் இளவுயிரி. பார்ப்பதற்குச் சாதுவாகத் தெரியும் இந்தக் கடைசி ஆள்தான் செர்ரி இறால்களைப் பிடித்துத் தின்று தீர்ப்பவர். படங்களோடு விற்றவருக்கு எழுதினேன். தொட்டியில் ஊற்றச் சொல்லி ஒரு நத்தைக் கொல்லி மருந்தின் பெயரை அனுப்பினார். அதன் சீட்டில் செப்புச் சல்ஃபேட் என்று தெளிவாக அச்சிட்டிருந்தது. செம்பு நத்தையைக் கொல்லும் அளவில் இறாலையும் கொல்லும். இறால் வளர்ப்பவன் என்று வாங்கும்போதே சொல்லியிருந்த என்னிடம் இப்படிக் கூறியவரின் அறிவை என்னவென்று சொல்வது! பணத்தைத் திருப்பிக் கேட்டதும், உயிருள்ள பொருளுக்குப் பொறுப்பேற்க முடியாது என்று ஒரு வரி எழுதிவிட்டு, மேற்கொண்டு செய்தி அனுப்ப முடியாதபடி என் கணக்கைத் தடுத்துவிட்டார்.

சில வாரங்களில் பெரும்பாலான இலைகள் கூழாகி உதிர்ந்தன. இதில் வியப்பு இல்லை. போர்னியோவின் வேகமான ஓடைகளில் பாறையைப் பற்றி வளரும் இச்செடி, நீர்மட்டம் இறங்கும் காலங்களில் காற்றிலேயே இருப்பதால், அப்படி விளைந்த இலைகள் நீருக்கடியில் நிலைப்பதில்லை. வேர்த்தண்டு உறுதியாக இருந்தால் மட்டுமே புதிய இலை விடும். ஈரத்தாளில் சுற்றி வெப்பத்தில் பயணம் செய்த தண்டு உள்ளுக்குள் அழுகத் தொடங்கியிருக்கும். தொட்டால் குழைந்து நாற்றம் அடிக்கும் பகுதியை, வெட்டுவாயில் வெளிர்பச்சை நிறம் தெரியும்வரை கூரிய கத்தியால் நீக்கிவிட்டு, மிச்சத்தைக் கல்லில் நூலால் கட்ட வேண்டும். மண்ணுக்குள் புதைத்தால் மீண்டும் அழுகும். என்னிடம் மிஞ்சியவை அவ்வாறு காப்பாற்றிய சிறு துண்டுகளே.

இதே நிலையில் இருப்போருக்குச் சுத்தம் செய்யும் முறையையும் சொல்லிவிடுகிறேன். தேக்காவில் (லிட்டில் இந்தியா வட்டாரம்) நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் படிகாரத்தை, நான்கு லிட்டர் நீருக்கு ஒரு மேசைக்கரண்டி வீதம் கரைத்து, செடியை இரண்டு மூன்று நாள் ஊறவைப்பது மென்மையான வழி. ஒரு பங்கு வெளுப்பானுக்குப் பத்தொன்பது பங்கு நீர் கலந்து இரண்டு நிமிடம் முக்குவது கடுமையான வழி. தொட்டியில் வளர்க்கும் மாஸ் வகைப் பாசிகளும் மெல்லிய இலைச் செடிகளும் அதைத் தாங்கா. இரண்டிலும் நத்தை முட்டை தப்பக்கூடும் என்பதால் அதன்பின் ஒரு மாதமாவது தனியே வைத்துக் கவனிக்க வேண்டும். வாளியில் ஊற்றும் நம் குழாய் நீரில் இருப்பது குளோராமின் என்னும் கிருமிநாசினி. இரவு முழுவதும் திறந்து வைத்தாலும் அது போகாது, அதை நீக்கும் நீர்ப்பதனி திரவத்தைச் சேர்த்தே ஆக வேண்டும். வாளியைக் கொசு நுழையாத வலையால் மூடுங்கள். டெங்கிச் சோதனைக்கு வரும் தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரியிடம் அது நீர்ச்செடி மருத்துவமனை என்று விளக்கம் சொல்லிப் பயனில்லை.

இது காசு மட்டும் சம்பந்தப்பட்ட விஷயமும் அன்று. 2014ஆம் ஆண்டு வோங் சின் யெங், பீட்டர் பாய்ஸ் ஆகிய தாவரவியலாளர்கள் இப்பேரினத்தில் பல புதிய இனங்களை விவரித்தார்கள். அவற்றில் பல மிகச் சிறிய பரப்பில் மட்டுமே அறியப்பட்டவை. ஓர் ஓடையைச் சுரண்டினால் ஓர் இனமே போய்விடலாம். வெளிநாட்டுச் செடியை இங்கே கொண்டுவரத் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியும் ஏற்றுமதி செய்யும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். அவற்றைக் காட்டச் சொன்னதற்கும் இவரிடமிருந்து பதில் வரவில்லை. உள்ளூரில் பறித்தது என்று யாராவது பெருமையாக விற்றால் இன்னும் விலகி நில்லுங்கள்: இங்குள்ள புக்கிட் தீமா வனப்பகுதியின் பெயரையே தாங்கிய கிரிப்டோகொரைன் திமாஹென்சிஸ் சிங்கப்பூரில் மட்டுமே உள்ளது, இயற்கை வனப்பகுதியில் செடி பறிப்பதும் குற்றம்.

வாங்குமுன் வேர்த்தண்டையும் வேர்நுனியையும் அருகில் காட்டும் காணொளியைக் கேளுங்கள். திசு வளர்ப்பு என்றால் மூடி திறக்கப்படாத குவளையை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். செடியைக் கண்ணால் பார்த்தபின் பேநவ் செய்யுங்கள். விற்பதையே தொழிலாகச் செய்பவர்மீது பயனீட்டாளர் சங்கத்தில் முறையிடலாம். சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்குத் தனிநபர் செலுத்த வேண்டிய கட்டணம் 10 வெள்ளிதான். உரையாடல்களின் படங்களையும் பணம் அனுப்பிய சான்றையும் நான் தொகுத்து வைத்திருக்கிறேன். ஆனால் அவருடைய முழுப் பெயரும் முகவரியும் தெரியாமல் மனு நகராது. அதனால் பணம் கொடுக்கும் முன்பே அவ்விரண்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், தர மறுப்பவரிடம் செடியும் வாங்காதீர்கள்.