ஓவனின் குமிழில் 180, உள்ளே 138

மின்சார ஓவன் வாங்கப் போகிறவர்களும், வாங்கி வைத்துக்கொண்டு "எனக்குக் கைப்பக்குவம் போதவில்லை" என்று நொந்துகொண்டிருப்பவர்களும் இதைப் படித்துவிடுங்கள். நாங்கள் இருவரிடம் ஏமாந்தோம். ஒருவர் ஓவனை விற்றவர், மற்றவர் அதைச் சரிசெய்ய வந்தவர். விற்றவரால் பணமும் ஏழு மாதமும் போயின. சரிசெய்ய வந்தவரால் ஓர் இரவு வீடு தீப்பிடித்திருக்கும். இரண்டாவதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் முதலில் நடந்ததைச் சொல்லாமல் அது விளங்காது.

நானும் என் மனைவியும் சேர்ந்துதான் சமைப்போம். வேலை முடிந்து வந்ததும் ஒருவர் நறுக்குவோம், ஒருவர் அடுப்பைப் பார்த்துக்கொள்வோம். விடுமுறை நாளில் பேக்கிங். ரொட்டிக்கு மாவு பிசைவது என் வேலை, கேக் அவள் பொறுப்பு. அளவில் அவள் மிகவும் கண்டிப்பு. கோப்பையால் அள்ளிப் போடும் கணக்கில் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. மாவு, சர்க்கரை, வெண்ணெய் எல்லாவற்றையும் தராசில் வைத்து கிராம் கணக்கில்தான் எடுப்பாள். ஒவ்வொரு முறையும் தேதி, எடை, குமிழை வைத்த டிகிரி, ஆன நிமிடம், வந்த பதம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைப்பாள். கடைசியில் எங்களுக்குக் கைகொடுத்தது அந்த நோட்டுதான்.

பழைய ஓவன் சிறியது. ஒரு தட்டு பிஸ்கட் வைத்தால் நிறைந்துவிடும். பெரியதாக ஒன்று வேண்டும் என்று தேடி, 40 லிட்டர் என்று விளம்பரம் செய்திருந்த ஒன்றை இணையத்தில் வாங்கினோம். வந்து இறங்கியபோதே எனக்கு ஒரு சந்தேகம் தோன்றியது. வெளிப்பெட்டி பெரிதாக இருந்தது, உட்புறம் அப்படி இல்லை. அன்றே அளந்திருக்க வேண்டும். பல மாதம் கழித்து அளந்தபோது உள் அகலம் 34 சென்டிமீட்டர், ஆழம் 30, உயரம் 28. மூன்றையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 28 லிட்டருக்குச் சற்று அதிகம் வருகிறது. அளவுநாடாவோடு இரண்டு நிமிட வேலை. அதைச் செய்திருந்தால் மறுநாளே திருப்பி அனுப்பியிருப்போம்.

முதல் கேக் நடுவில் குழிந்தது. இரண்டாவதும் குழிந்தது. 35 நிமிடத்தில் வெந்துவிட வேண்டிய கேக் 65 நிமிடம் ஆகியும் நடுவில் ஈரமாகவே இருந்தது. ஓரமோ காய்ந்து தோல் தட்டிவிட்டது. என் ரொட்டி வெளுத்துப்போய் வந்தது, மேலோடு தடித்து ரப்பர் போல் இழுத்தது. பிஸ்கட் சிவக்கவே இல்லை, வற்றி உடைந்தது.

இதற்குக் காரணம் இப்போது தெரிகிறது. மாவு ஈரமானதும் பேக்கிங் பவுடர் கொஞ்சம் வாயுவை விடும், சூடு ஏறும்போது மீதியை விடும். அந்த வாயு மாவைத் தூக்கி நிறுத்தியிருக்கும்போதே முட்டையும் மாவுச்சத்தும் இறுகிவிட வேண்டும். சூடு போதாவிட்டால் இறுகுவதற்கு முன்பே வாயு வெளியேறிவிடும், கேக் உட்கார்ந்துவிடும். ரொட்டியும் பிஸ்கட்டும் பொன்னிறமாக மேற்பரப்பு ஏறத்தாழ 140 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டும். எங்கள் ஓவனில் காற்றே அந்த அளவைச் சுற்றித்தான் இருந்தது.

அப்போது இது எதுவும் தெரியாது. நாங்கள் எங்களையே சந்தேகப்பட்டோம். மாவை மாற்றினோம். பேக்கிங் பவுடர் செத்துவிட்டதா என்று வெந்நீரில் ஒரு தேக்கரண்டி போட்டுப் பார்த்தோம், நன்றாகவே நுரைத்தது. இருந்தும் புதிய டப்பா வாங்கினோம். கேக் டின்னையும் மாற்றினோம். எதுவும் பலிக்காதபோது நான் அவளைக் குறை சொல்லத் தொடங்கினேன். "நீ மாவை அளவுக்கு மீறிக் கலக்குகிறாய்" என்றேன். ஒருமுறை இல்லை, பலமுறை. அவள் எதிர்த்துப் பேசவில்லை. பிறகு நோட்டைப் புரட்டியபோது பார்த்தேன்: பதினொரு பக்கங்களில், கடைசி வரியாக, "அதிகம் கலந்துவிட்டேன்" என்று தன் கையாலேயே எழுதியிருந்தாள். ஐந்தாவது மாதத்தில் பேக்கிங்கையே விட்டுவிட்டோம். விடுமுறை நாள் காலையில் ஆளுக்கொரு அறையில் இருந்தோம். அந்த ஓவனைச் செய்து விற்றவருக்கு இந்தக் கணக்கு எங்கே தெரியப் போகிறது?

ஒரு நாள் அவளே நோட்டை எடுத்து வந்து என் முன் வைத்தாள். "பாருங்கள், பழைய ஓவனில் இதே எடை, இதே டின், 34 நிமிடம். அடுப்பில் செய்கிற எதுவும் கெட்டதில்லை. இந்த ஓவனுக்குள் போவது மட்டும்தான் கெடுகிறது" என்றாள். அதற்கு மேல் யோசிக்க எதுவும் இல்லை.

முதலில் சர்க்கரையை வைத்துச் சோதித்தோம். சாதாரண வெள்ளைச் சர்க்கரை ஏறத்தாழ 186 டிகிரியில் உருகும். குமிழை 175-இல் வைத்து, நன்றாகச் சூடேறிய பின் சிறிய கிண்ணத்தில் ஒரு தேக்கரண்டி சர்க்கரையை 15 நிமிடம் வைத்தால் அது அப்படியே இருக்க வேண்டும். 190-இல் வைத்தால் உருக வேண்டும். எங்கள் ஓவனில் 190-இல் அரை மணி நேரம் வைத்தும் சர்க்கரை மணல் மணலாகவே இருந்தது. 220-இலும் உருகவில்லை. 230 தாண்டித்தான் ஓரம் இளகியது.

அடுத்து, கம்பியோடு கூடிய சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கினோம். அதையும் சும்மா நம்பவில்லை. ஐஸ் நிறைந்த தண்ணீரில் 0, கொதிக்கும் நீரில் 99 காட்டியது. (கடல் மட்டத்தில் நீர் 100 டிகிரியில் கொதிக்கும். உயரமான இடங்களில் சற்று முன்பே கொதித்துவிடும், அதையும் கணக்கில் கொள்ளுங்கள்.) ஓவன் எப்போதும் ஒரே சூட்டில் நிற்பதில்லை. சூடேற்றும் கம்பி எரிவதும் அணைவதுமாக இருப்பதால் உள்ளே சூடு ஏறி இறங்கும். அதனால் ஒரே ஒரு முறை பார்த்துவிட்டுப் பழி சொல்லக் கூடாது. குமிழை 180-இல் வைத்து, 5 நிமிடத்துக்கு ஒருமுறை என்று ஒரு மணி நேரத்தில் 12 முறை குறித்தோம். மிகக் குறைந்தது 126, மிக அதிகம் 151, சராசரி 138.

அந்த எண்ணை எழுதிவிட்டு இருவரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். பிறகு நான் மன்னிப்புக் கேட்டேன்.

விற்றவருக்கு எல்லாவற்றையும் படத்தோடு எழுதி அனுப்பினோம். முதல் பதில், "நன்றாகச் சூடேறும்வரை காத்திருங்கள்." இரண்டாவது, "வெளியில் வாங்கிய தெர்மாமீட்டர் காட்டுவதை ஏற்க மாட்டோம்." மூன்றாவது, "திருப்பி அனுப்பும் காலம் முடிந்துவிட்டது." உள் அளவைப் பற்றிக் கேட்டதற்கு மட்டும் கடைசிவரை பதிலே இல்லை. புகார் தீர்க்கப்பட்டதாக ஒரு செய்தி வந்தது, அவ்வளவுதான்.

வேறு வழியின்றி ஒரு பழுதுபார்க்கும் நிறுவனத்தை அழைத்தோம். வந்தவர் ஓவனைத் திறந்துகூடப் பார்க்காமல் என்னிடம், "அம்மா கதவை அடிக்கடி திறந்து பார்ப்பார்கள், அதனால் சூடு போய்விடுகிறது, சார்" என்றார். அவள் பக்கத்திலேயே நின்றாள். நோட்டை நீட்டினாள், அவர் வாங்கிப் பார்க்கவில்லை. பிறகு, "வேலை செய்ய இடம் வேண்டும், கொஞ்சம் வெளியே இருங்கள்" என்றார். இருந்தோம். அதுதான் நாங்கள் செய்த பெரிய தவறு.

இருபது நிமிடத்தில் அழைத்தார். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கெட்டுப்போயிருந்தது, புதியது மாற்றியாகிவிட்டது என்றார். பழையதைக் காட்டுங்கள் என்று அவள் கேட்டதற்கு, "அதை நிறுவனத்தில் ஒப்படைக்க வேண்டும்" என்றார். பில்லில் பாகத்துக்குத் தனியாகவும் கூலிக்குத் தனியாகவும் தொகை போட்டிருந்தது. அவர் போன பிறகு அளந்தோம். 180-இல் வைத்தால் சராசரி 177. மகிழ்ந்துபோனோம். அன்றே ஒரு கேக் செய்தோம், அது நன்றாகவே வந்தது.

அடுத்த வாரம் ரொட்டிக்கு 220 வைக்கப் போனேன். குமிழ் 210-க்கு மேல் திரும்பவில்லை. புதிய பாகம், கொஞ்சம் இறுக்கமாக இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த ஒரு அறிகுறியை மட்டும் நான் மதித்திருந்தால் போதும்.

ஒன்பதாம் நாள் காலையில் சமையலறைக்குள் நுழைந்த என் மனைவி ஓவன் கதவைத் தொட்டுவிட்டுக் கத்தினாள். கதவு சுட்டது. முந்தின இரவு ரொட்டி எடுத்ததும் குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்பியது நான்தான், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. டைமரைத் தொடர்ந்து எரியும் நிலையில் விட்டிருந்தேன். சுவர் சுவிட்சை அணைக்கவில்லை. இரவு முழுவதும் கம்பி விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்திருக்கிறது. ஓவனின் மேல் ஒரு துணி கிடந்தது. துணி கருகவில்லை, அது எங்கள் நல்ல காலம்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு வேறொருவரை அழைத்தோம். வயதானவர், தனியாகத் தொழில் செய்பவர். வந்ததும் முதலில் நோட்டைக் கேட்டு வாங்கிப் பொறுமையாகப் படித்தார். பிளக் கழன்றிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, எங்கள் கண் முன்னால் பக்கத் தகட்டைக் கழற்றினார். உள்ளே இருந்தது அதே பழைய தெர்மோஸ்டாட். தொழிற்சாலையில் திருகின்மேல் வைத்த பெயின்ட் முத்திரை உடையாமல் இருந்தது. யாரும் அதைத் தொடவே இல்லை.

உண்மையான கோளாறு வேறு இடத்தில் இருந்தது. தெர்மோஸ்டாட்டிலிருந்து மெல்லிய செம்புக் குழாய் ஒன்று ஓவனுக்குள் போகிறது. அதன் நுனியில் பென்சில் துண்டு போன்ற ஒரு குழல் இருக்கும். சூட்டை உணர்வது அதுதான். சுவரில் ஒரு கிளிப்பில் அது நிற்க வேண்டும். எங்கள் ஓவனில் அந்தக் கிளிப் சரியாகப் பொருத்தப்படவே இல்லை. குழல் சரிந்து, சூடேற்றும் கம்பிக்குப் பக்கத்தில் போய்க் கிடந்தது. கம்பி எரிந்ததும் குழல் முதலில் சுட்டுவிடும், போதுமான சூடு வந்துவிட்டதென்று மின்சாரத்தை நிறுத்திவிடும். கேக் இருக்கும் இடத்திலோ சூடு வந்திருக்காது.

முதலில் வந்தவர் செய்தது என்ன? குமிழின் சிறு திருகைத் தளர்த்தி, குமிழை மட்டும் 40 டிகிரி அளவுக்குப் பின்னால் திருப்பி மறுபடி இறுக்கியிருக்கிறார். முன்பு 220 காட்டிய இடம் இப்போது 180 காட்டியது, அதனால் எங்கள் சோதனையில் தேறியது. அதே கணக்கில்தான் 250 வரை போக வேண்டிய குமிழ் 210-இல் முட்டி நின்றது. பூஜ்யம் காட்டும்போதும் உள்ளே தண்டு அணையும் இடத்துக்கு வந்திருக்கவில்லை. அணையும்போது வரவேண்டிய 'டிக்' ஓசை வரவில்லை. அந்த ஓசைக்கு ஒரு பொருள் இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

பெரியவர் குழலைக் கிளிப்பில் செருகி, கிளிப்பை இறுக்கி, குமிழைப் பழைய இடத்தில் பொருத்தினார். நாங்கள் ஒரு மணி நேரம் அளந்து முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தார். சராசரி 178. பாகம் எதுவும் மாற்றவில்லை என்று கூலி மட்டும் வாங்கிக்கொண்டார். முத்திரை தெரியும் படங்களை முதல் நிறுவனத்துக்கு அனுப்பினோம். இரண்டு வாரம் இழுத்தடித்து, பாகத்துக்கு வாங்கிய தொகையை மட்டும் திருப்பித் தந்தார்கள். கூலியைத் தரவில்லை. பூஜ்யத்தில் எரிந்த ஓவனைப் பற்றி நாங்கள் எழுதியதற்கு ஒரு வார்த்தை வருத்தம்கூட இல்லை.

ஆகவே ஓவன் வாங்குகிறவர்களே, பெட்டியைப் பிரித்த அன்றே உள் அளவை எடுங்கள், திருப்பி அனுப்பும் காலம் முடிவதற்குள் சூட்டை அளந்துவிடுங்கள். தெர்மாமீட்டர் இல்லாவிட்டாலும் சர்க்கரை இருக்கிறது. எங்கேயாவது ஓரிடத்தில் மட்டும் தீய்கிறதா என்று பார்க்க, ரொட்டித் துண்டுகளைத் தட்டு முழுவதும் பரப்பிச் சிவக்க விடலாம். பழுதுபார்க்க யார் வந்தாலும் அவர் பக்கத்திலேயே நில்லுங்கள். தொடங்கும் முன் பழைய பாகத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், கழற்றியதைக் கையில் கேட்டு வாங்குங்கள், அவர் இருக்கும்போதே அளந்து பாருங்கள். குமிழ் முழு எல்லைவரை போகிறதா, பூஜ்யத்தில் 'டிக்' கேட்கிறதா என்று அவர் கிளம்புமுன் திருப்பிப் பாருங்கள். தகட்டை மட்டும் நீங்களே கழற்றாதீர்கள், உள்ளே மின்சாரம். நாங்கள் இப்போது வேலை முடிந்ததும் சுவர் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் எடுத்துவிடுகிறோம்.

அந்த ஓவன் இன்னும் 40 லிட்டர் என்றுதான் விற்பனையில் இருக்கிறது. போன வாரம் அதே கேக்கை மறுபடி செய்தோம், 36 நிமிடத்தில் வெந்தது. அவள் எண்ணை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். நான் பேனாவை வாங்கி, பழைய பதினொரு பக்கங்களிலும் அந்தக் கடைசி வரியை அடித்துவிட்டு, "உள்ளே 138" என்று எழுதினேன்.