முதியோர் இல்லத்தில் இடம் பிடித்துத் தருகிறோம் என்று காசு கேட்டால்...

கிளிநொச்சிப் பக்கம் வயதானவர்களைச் சேர்க்க இல்லம் தேடுகிறவர்கள் இதை வாசித்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

பெரியம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. இரண்டு பிள்ளைகளில் ஒருவர் முள்ளிவாய்க்காலோடு இல்லை, மற்றவர் கனடாவில். மாகாணத்தின் அரச முதியோர் இல்லம் கைதடியில் இருக்கிறது. அதற்கு விதானையாரின் கடிதத்தோடு பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடம் விண்ணப்பத்தைக் கொடுத்தோம். "இடம் வந்தால் அறிவிப்போம்" என்றார்கள். காசு ஒன்றும் கேட்கவில்லை.

இதற்கிடையில், ஏ-9 வீதியோரம் இருக்கிற ஒரு தனியார் இல்லத்தைப் பற்றி யாரோ சொல்ல, போய்ப் பார்த்தோம். முன்னால் செவ்வரத்தை, உள்ளே கூட்டித் துடைத்த விறாந்தை. குறை சொல்ல ஒன்றுமில்லை. "இப்போது கட்டில் இல்லை, ஐம்பதாயிரம் கட்டினால் வரிசையில் முன்னுக்குப் போடலாம்" என்றார் பொறுப்பாளர். நடக்க மாட்டாரே என்று கேட்டதற்கு, "அது பிரச்சினை இல்லை, பார்க்க ஆள் இருக்கு" என்றார். கனடாவிலிருந்து அண்ணா உடனே காசு போட்டார்.

ஒரு சீ.ஆர். கொப்பியில் பெரியம்மாவின் பெயரைப் பென்சிலால் எழுதினார்கள். இலக்கமும் இல்லை, திகதியும் இல்லை. எத்தனையாவது ஆள் என்று கேட்டால் "அது ஐயாவுக்குத்தான் தெரியும்". ஐயாவோ எப்போதும் கொழும்பில்!

மாதங்கள் போயின. ஒவ்வொரு தடவையும் "உங்களுக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர்". பிறகு கட்டில் வாங்க இன்னொரு தொகை கேட்டார்கள். இதற்குள் நமக்குப் பின்னால் வந்த ஒரு குடும்பத்தின் தாய் உள்ளே போய்விட்டார். பெரியம்மாவுக்கோ வீட்டில் முதுகில் படுக்கைப்புண். கடைசியில் வந்த பதில்: "நடக்க முடியாதவர்களை நாங்கள் எடுப்பதில்லை."

காசைத் திருப்பிக் கேட்டோம். காசு கட்டியதற்கு அவர்கள் தந்த பற்றுச்சீட்டுத் துண்டை எடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். அதில் "நன்கொடை" என்று எழுதியிருந்தது. நன்கொடை திரும்பாதாம். அண்ணா போட்ட காசு, மாதக்கணக்கில் காத்திருந்த காலம், எல்லாம் தர்மக் கணக்கில்.

ஐந்து பேருக்கு மேல் முதியவர்களைத் தங்க வைத்துப் பார்க்கும் இல்லம் எதுவும் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவாகியிருக்க வேண்டும். காசு கொடுக்குமுன் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடமோ முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமோ அந்தப் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். படுக்கையில் இருப்பவரை எடுப்பார்களா, இரவில் யார் புரட்டிப் படுக்க வைப்பார்கள், பம்பர்ஸ் செலவு யாருடையது என்பதை எழுத்தில் வாங்குங்கள். பல இல்லங்கள் தன் வேலையைத் தானே செய்யக்கூடியவரை மட்டும்தான் எடுக்கும். அதை முதல் நாளே சொல்கிற இடத்தில் எனக்குக் கோபமில்லை. துண்டில் முற்பணம் என்று எழுதச் சொல்லுங்கள், மறுத்தால் எழும்பி வந்துவிடுங்கள்.

நாங்கள் பிரதேச செயலகத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம், காசு இன்னும் வரவில்லை. இதே மாதிரி ஏமாந்தவர்கள் துண்டை எறியாமல் வைத்துக்கொண்டு நீங்களும் போய்க் கொடுங்கள்.