மாதவிலக்கு நின்ற பின் கருப்பைவாய்ப் பரிசோதனை: கடலூரில் ஒரு மகளிர் மருத்துவமனை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் உள்ள ஒரு தனியார் மகளிர் மருத்துவமனையில் சென்ற மாதம் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்துகொண்டேன். எனக்கு வயது 59; மாதவிலக்கு நின்று பத்து ஆண்டுகள் ஆகின்றன. சோதனை அறைக்குள் கிடைத்த கவனிப்பு முழு நிறைவளித்தது. வரவேற்பு மேசையில் நடந்தது வருத்தத்தைத் தந்தது.

நான்கு ஆண்டுகளுக்கு முன் வேறோர் இடத்தில் நடந்த முகாமில், கருப்பைவாயில் அசிட்டிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிடம் கழித்துப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். அன்று பட்ட வலியில், இனி இந்தச் சோதனைக்கே போவதில்லை என்றிருந்தேன். மாதவிலக்கு நின்று ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும்போது, புற்றுநோய் பெரும்பாலும் தொடங்கும் பகுதி கருப்பைவாயின் உட்குழாய்க்குள் ஏறிவிடுவதால், கண்ணால் பார்த்துச் சொல்லும் அந்தச் சோதனை என் வயதினருக்குப் பொருந்தாது என்பதை இங்குள்ள மருத்துவர் படம் வரைந்து விளக்கினார். கருப்பைவாயிலிருந்து செல்களை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் பாப் ஸ்மியரிலும், உலர்ந்து மெலிந்த திசுவிலிருந்து போதிய செல்கள் கிடைக்காமல் போவதுண்டு. நோயில்லாமலே செல்கள் மாறுபட்டுத் தெரிவதும் உண்டு. ஆகவே, உலக சுகாதார நிறுவனம் 2021-இல் முதன்மைச் சோதனையாகப் பரிந்துரைத்த, இந்தப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. என்ற வைரஸைத் தேடும் எச்.பி.வி. டி.என்.ஏ. சோதனையைத் தேர்ந்தெடுத்தோம்.

அவர்கள் அவசரப்படவில்லை என்பதையே நான் முதன்மையாகப் பாராட்டுவேன். எனக்கு மார்பகப் புற்றுநோய் வந்ததுண்டா என்று கேட்டறிந்த பிறகு, குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் களிம்பைச் சில வாரங்கள் பயன்படுத்தச் சொல்லி, அதன் பின்னரே மாதிரி எடுக்க அழைத்தார்கள். உள்ளே பார்ப்பதற்கான ஸ்பெகுலம் என்ற கருவியில் சிறியதைப் பயன்படுத்திய செவிலியர், வலித்தால் உடனே நிறுத்திவிடுவதாக முன்கூட்டியே சொன்னார்; நான் கையை உயர்த்தியபோது சொன்னபடியே நிறுத்தினார். கருவியே வேண்டாம் என்பவர்கள் திரைக்குப் பின் தாங்களே பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்துத் தரலாம். வைரஸ் இருப்பதாக முடிவு வந்தால் மட்டும் நேரடிப் பரிசோதனைக்கு வர வேண்டும். கூச்சத்தாலேயே வராமலிருக்கும் நம் ஊர்ப் பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி!

ஆனால் வரவேற்பு மேசையில் இருந்தவர், கூடத்தில் இருந்த அனைவருக்கும் கேட்கும்படி, "உங்களுக்குத்தான் நின்னு போச்சே, இந்த டெஸ்ட் எதுக்கும்மா?" என்றார். எனக்குப் பின்னால் நின்றிருந்த, என்னைவிட மூத்த பெண்மணி ஒருவர் பெயரைப் பதியாமலே திரும்பிப் போனார். அவரை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. உடலுறவு வழியே பரவும் எச்.பி.வி. தொற்று புற்றுநோயாக மாறப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும் என்பதால், கணவரை இழந்து நெடுநாள் ஆனவருக்கும் இந்தச் சோதனை தேவைப்படலாம். மாதவிலக்கு நின்ற பிறகு ஒரு துளி இரத்தம் பட்டாலும், அடுத்த முகாமுக்குக் காத்திராமல் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். இவற்றையெல்லாம் முதலில் தெரிந்திருக்க வேண்டியவர் அந்த மேசையில் அமர்பவர்தான். வந்த காரணத்தை வாய்விட்டுக் கேட்பதற்குப் பதிலாக, ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

முடிவு பத்து நாளில் வந்தது. ஆங்கிலத்தில் மட்டுமே இருந்த அந்தத் தாளில் 'நெகட்டிவ்' என்பதைக் கண்டு பதறிய எனக்கு, வைரஸ் இல்லை என்பதே அதன் பொருள் என்று மகள் படித்துச் சொன்னாள். அடுத்த சோதனை ஐந்து ஆண்டுகள் கழித்து என்பதைச் செவிலியர் உறையின் மேல் தம் கைப்படத் தமிழில் எழுதியிருந்தார். உள்ளே இருக்கும் தாளையும் அப்படியே தமிழில் தர வேண்டுகிறேன்.