ஊசியா, பயிற்சியா: வைரஸ் காய்ச்சலுக்குப் பின் தளர்ந்த தோளுக்கு எது?

காய்ச்சல் விட்ட சில நாளிலோ ஓரிரு வாரத்திலோ, நடு இரவில் தோளைப் பிய்த்தெடுக்கும் வலி வரும். அது தணியும் நேரத்தில் கை மேலே எழாது. சுவரைத் தள்ளினால் தோள்பட்டை எலும்பு முதுகிலிருந்து இறக்கைபோல் புடைக்கும். 1948-இல் பார்சனேஜ், டர்னர் என்ற இரு மருத்துவர்கள் விரிவாக எழுதியதால் அவர்கள் பெயரிலேயே அழைக்கப்படும் நரம்பு பாதிப்பு இது. ‘ஃப்ரோசன் ஷோல்டர்’ (மூட்டு இறுகிப்போன தோள்) என்றோ கழுத்துத் தேய்மானம் என்றோ தவறாக நினைத்து மாதங்கள் ஓடிவிடுவதும் உண்டு.

நோய் உறுதியான பிறகு பிசியோவிடம் இரண்டு பேச்சு வரும்: ட்ரை நீட்லிங் (மருந்து ஏற்றாமல், தசையில் இறுகிய முடிச்சில் மெல்லிய ஊசியைக் குத்துவது), அல்லது தோள்பட்டை எலும்பின் அசைவைச் சீராக்கும் பயிற்சி. ஊசி சீக்கிரம் இதம் தரும், ஒவ்வொரு முறையும் செலவு வைக்கும். பயிற்சிக்குச் செலவு குறைவு, பொறுமை அதிகம் வேண்டும். நான் பயிற்சியின் பக்கம்தான்.

காரணம் நரம்பின் வேகம். இறக்கைபோல் எலும்பு புடைத்தால், பெரும்பாலும் விலாவை ஒட்டியிருக்கும் செரேட்டஸ் தசைக்குப் போகும் நரம்பு அடிபட்டிருக்கும். அதன் நீளம் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர். அறுந்த நரம்பிழை நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். மேல்முனையில் சேதம் என்றால் கடைசி இழை தசையைத் தொட ஆறேழு மாதம் ஆகும். தசை தளர்ந்தது முடிச்சு விழுந்ததால் அல்ல, நரம்பின் கட்டளை வந்து சேராததால். எத்தனை ஊசி குத்தினாலும் அந்த வளர்ச்சி வேகமெடுக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. ஊசியால் பலம் திரும்பியது என்று சொல்லப்படும் தனித்தனி நோயாளிகளின் கதைகளிலும், தானாக வந்த மீட்சி எவ்வளவு, ஊசியின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிவது கடினம்.

ஊசிக்கு வேலையே இல்லை என்று சொல்லவில்லை. செயலிழந்த தசையின் சுமையைக் கழுத்தோரத் தசைகள் ஏற்று இறுகிப்போகும். அந்த இறுக்கத்தில் 0.25 அல்லது 0.30 மி.மீ. தடிமனுள்ள ஊசி இறங்கினால் தசை ஒருமுறை துடித்துத் தளரும். ஓரிரு நாள் கன்றிப்போன வலி இருக்கும், பிறகு தூக்கம் வரும். ஆனால் எலும்பு தப்பான இடத்திலேயே நின்றால் இறுக்கம் திரும்பி வரும். இன்னோர் ஆபத்தும் உண்டு: மெலிந்த தசைக்கு அடியில் நுரையீரல் வழக்கத்தைவிட அருகில் இருக்கும். செரேட்டஸ், தோள்பட்டைக்கு மேற்குழி, இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கும் இடையிலான பகுதி ஆகியவற்றில் ஆழமாகக் குத்த விடாதீர்கள். குத்திய பிறகு, சில மணி நேரம் கழித்தானாலும், மூச்சுத் திணறலோ நெஞ்சுக் குத்தலோ வறட்டு இருமலோ வந்தால் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

பயிற்சியில் நடக்கும் தவறு, அவசரம். கடுமையான வலி நிற்கும் முன்பே ரப்பர் பேண்டை இழுக்க வைத்தால், நலமான தசைகளே எல்லா வேலையையும் செய்து எலும்பை இன்னும் கோணலாக்கும். மல்லாந்து படுத்து, கையைக் கூரையை நோக்கி நீட்டி, முழங்கை மடியாமல் தோளை மட்டும் ஓர் அங்குலம் மேலே தள்ளி இறக்குவதில் தொடங்கலாம். ஐந்து முதல் எட்டு தடவை, நாளுக்கு இரண்டு வேளை போதும். நடுக்கம் வந்தாலோ தோள் காதை நோக்கி ஏறினாலோ அங்கேயே நிறுத்துங்கள். மறுநாள் காலை வலி கூடியிருந்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். மூட்டு இறுகாமலிருக்க, மேசைமேல் துண்டை வைத்துக் கையை முன்னே வழுக்கவிடுவது தினமும் வேண்டும். நெதர்லாந்தின் நைமேகன் நகர மருத்துவர்கள் இந்த நோய்க்கென வகுத்த முறையும் எலும்பசைவின் ஒருங்கிணைப்பையும் களைத்துப்போகாதபடி வேலையைப் பங்கிட்டுச் செய்வதையுமே முன்னிறுத்துகிறது.

இரண்டையும் சேர்ப்பதென்றால், கழுத்தோர இறுக்கத்துக்கு மட்டும் ஊசி, அது தளர்ந்திருக்கும் ஓரிரு நாளில் கவனமான பயிற்சி என்று வைத்துக்கொள்ளலாம். நோய் தொடங்கி மூன்று வாரம் கழித்து எடுக்கும் ஈ.எம்.ஜி. (தசையின் மின்செயல்பாட்டை அளக்கும்) பரிசோதனைதான் எந்தத் தசை எவ்வளவு பாதித்தது என்று காட்டும். அதை மூன்று மாதத்தில் மறுபடி எடுத்துப் பாருங்கள். ஆறு மாதம் ஆகியும் மீட்சியின் சுவடே தெரியாவிட்டால் நரம்பு அறுவை மருத்துவரைப் பாருங்கள். நரம்புத் தொடர்பில்லாமல் ஒன்று, ஒன்றரை ஆண்டு கடந்த தசை, நரம்பு வந்து சேர்ந்தாலும் அதை ஏற்கும் நிலையில் இருக்காது.