மேல்மாடி வீட்டில் கேஸ் கெய்சரா, கரண்ட் ஹீட்டரா?

போன மார்கழியில் ஒரு காலை, மடிப்பாக்கத்தில் எங்கள் கேஸ் கெய்சர் வாயே திறக்கவில்லை. குழாயைத் திறந்தால் வழக்கமாக வரும் டிக் டிக் சத்தம் இல்லை. டார்ச்சுக்குப் போடும் பெரிய பேட்டரி இரண்டையும் மாற்றினேன். அப்போதும் இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி, வெந்நீர் இல்லாமல் முடியாது. பழுது பார்ப்பதா, கரண்ட் ஹீட்டருக்கு மாறுவதா என்று வீட்டில் ஒரே பேச்சு.

மெக்கானிக் வந்து தண்ணீர் நுழையும் இடத்துச் சின்ன வலையைக் கழற்றி என் உள்ளங்கையில் தட்டினார். பழுப்பு மண்ணும், போர் தண்ணீரின் வெள்ளை உப்புப் பொருக்கும் உதிர்ந்தன. கழுவி மாட்டியதும் பற்றிக்கொண்டது. ஆனால் டேங்க் பாதியாக இறங்கியதும் மறுபடி அணைந்தது. "மெஷின்ல ஒண்ணும் இல்ல சார், தண்ணி வேகம்தான் பத்தல" என்றார்.

உள்ளே ஒரு ரப்பர் டயாஃப்ரம் இருக்கிறது. தண்ணீர் அதை அழுத்தினால்தான் பொறியும் கேஸும் வரும். 10 மீட்டர் உயரத் தண்ணீருக்கு ஏறக்குறைய 1 பார் அழுத்தம். தரைத்தளத்து வீட்டுக்கு அது தாராளம். டேங்குக்கு நேர் கீழே இருக்கும் எங்களுக்கு 2 மீட்டர்தான், அதாவது வெறும் 0.2 பார். பிரஷர் பம்ப் வைத்தால் சரியாகும், ஆனால் அது தனிச் செலவு. தண்ணீரை உள்ளே தேக்கி வைத்துச் சூடாக்கும் கரண்ட் ஹீட்டருக்கு இந்தத் தொல்லை இல்லை. தண்ணீர் மெதுவாக வந்தாலும் சூடாகத்தான் வரும்.

செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. சென்னையில் தண்ணீர் அப்படி ஒன்றும் ஜில்லென்று இருக்காதே. 20 லிட்டர் வாளியை 15 டிகிரி சூடேற்ற 35 கிராம் கேஸ் போதும், 14.2 கிலோ சிலிண்டரில் சுமார் 400 வாளி. கரண்டில் அதே வாளிக்கு அரை யூனிட்கூட ஆகாது. எப்படிப் பார்த்தாலும் வாளிக்கு இரண்டு மூன்று ரூபாய்தான். உப்பு இரண்டையும் விடாது: அங்கே செம்புக் குழாயை அடைக்கும், இங்கே காயிலில் படியும்.

கேஸுக்கு ஒரு பெரிய பலம் உண்டு, கரண்ட் வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது, டேங்கில் போதிய தண்ணீர் இருந்தவரை எங்கள் வீட்டில் வெந்நீர் இருந்தது.

இத்தனையும் இருந்தும் எங்கள் கெய்சரை நான் கழற்றினேன். காரணம், அது குளியலறைக்குள் மாட்டியிருந்தது. காற்றுப் பற்றாமல் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. சமையல் கேஸில் கலக்கும் நாற்றம் கசிவைத்தான் காட்டிக்கொடுக்கும், எரிந்து வரும் இந்த வாயுவை அல்ல. நீலமாக எரிய வேண்டிய தீ மஞ்சளாக எரிந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். அதற்காக, நீலமாக எரிகிறதே என்று உள்ளே வைத்துக்கொள்ளவும் கூடாது. மார்கழிக் குளிரில் ஜன்னலைச் சாத்திக்கொண்டுதானே குளிக்கிறோம். பழுது பார்த்து மறுபடி அதே சுவரில் மாட்டுவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் கெய்சர் வெளியே, காற்றோட்டமான யுடிலிட்டி பால்கனியில் இருந்தால், வலையைக் கழுவி, டயாஃப்ரத்தை மாற்றித் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். தரைத்தளத்து அக்கா வீட்டில் அப்படித்தான் நன்றாக ஓடுகிறது. சோலாரும் நல்லதுதான், ஆனால் மொட்டை மாடி எல்லோருக்கும் பொது என்பதால் அந்தப் பேச்சே எடுபடவில்லை. 3 லிட்டர் இன்ஸ்டன்ட் ஹீட்டர் பாத்திரம் கழுவத்தான் லாயக்கு.

நாங்கள் 15 லிட்டர், 2 கிலோவாட் ஹீட்டர் வாங்கினோம். தனியாக 16 ஆம்பியர் பிளக், எர்த், கசிவு வந்தால் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் பிரேக்கர் எல்லாம் எலக்ட்ரீஷியனை வைத்துப் போட்டோம். இதில் காத்திருக்கத்தான் வேண்டும், 20 நிமிடம் ஆகிறது. ஐந்தே முக்காலுக்கு சுவிட்சைப் போட்டால் ஆறேகாலுக்குள் அம்மா குளிக்கப் போய்விடுகிறார், ஜன்னலை நன்றாகச் சாத்திக்கொண்டு.